விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத ஊர்

சரிங்கநல்லூர் என்று ஒரு பேரூராட்சி உண்டு. வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. ஒரு காலத்தில் நிலம் அளக்க வந்தவர்கள், "வெயில் மண்டையப் பொளக்குது, உங்க ஊரை விட்டுட்டுப் போயிடலாமா?" என்று கேட்டார்களாம். ஊர்க்காரர்கள் "சரிங்க" என்றார்களாம். அவ்வளவுதான், ஊர் விட்டுப்போயிற்று.

அந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, சோம்பேறிகளும் இல்லை. சொன்னால் உடனே செய்வார்கள், அதுவும் சொன்ன சொல்லை இம்மி பிசகாமல் செய்வார்கள். ஓர் ஊர் நாசமாகப் போவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்படி இருக்கையில், மேலிடத்துக்குத் திடீரென்று பொதுமக்களின் உடம்பைப் பற்றிக் கவலை வந்தது. சனங்கள் ஓடுவதில்லை, ஆடுவதில்லை, தொப்பை வைத்துக்கொண்டு திரிகிறார்கள். ஆகவே ஒவ்வொரு பேரூராட்சியும் பொது விளையாட்டையும் பொழுதுபோக்கையும் மேம்படுத்தியாக வேண்டும் என்று ஒரு கொள்கை வகுத்தார்கள். அதை வகுத்தவர்கள் இரண்டாவது மாடிக்குக்கூட லிஃப்டில்தான் போனார்கள் என்பது வேறு விஷயம்.

கொள்கைப்படி ஊருக்கு ஒரு பயிற்றுநர். வேலை தற்காலிகம். ஆறு மாதம் கழித்து ஆய்வு அலுவலர் ஒருவர் வருவார். ஊர்மக்கள் விளையாடுவதைத் தன் கண்ணால் பார்த்து, அன்றைக்கே அறிக்கை எழுதி அனுப்புவார். அறிக்கை போனால் பயிற்றுநருக்கு வேலை நிரந்தரம். போகாவிட்டால் பயிற்றுநர் பெட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சரிங்கநல்லூருக்கு வந்து சேர்ந்த பயிற்றுநர் கோகிலவாணி. அவள் அப்பா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். உடற்கல்வியில் பட்டம் வாங்கியிருந்தாள். "ஓடறதுக்கும் குதிக்கறதுக்கும் எதுக்குடி காலேஜு? நம்ம பண்ணைக் கோழியெல்லாம் படிச்சுட்டா ஓடுது?" என்று பெரியம்மா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். திருப்பூரில் இருக்கும் மாமா ஒரு பனியன் கம்பெனியில், தைத்த பனியனில் பிசிறு பார்க்கும் வேலைக்கு அவள் பெயரைச் சொல்லி வைத்திருந்தார். "கெவர்மெண்டு வேலை போனாப் போகுது கண்ணு, பனியன் எங்கயும் போகாது" என்று வாராவாரம் போனில் தைரியம் சொல்வார். கோகிலவாணிக்கோ பனியன் வேண்டாம். இந்த வேலையை எப்படியாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதுவும் நேர்மையாகக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் என்றால் வழி சுலபமாகக் கிடைத்திருக்கும்.

முதல் நாள் அவள் பேரூராட்சி அலுவலகத்துக்குள் போனபோது மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் சென்னியப்பன், துணைத் தலைவர் நாச்சிமுத்து, உறுப்பினர் பாவாத்தாள். ஊரை ஆள்வது இந்த மூவர்தான். மற்ற உறுப்பினர்கள் தேர்தலில் ஜெயித்ததோடு சரி.

"வணக்கமுங்க. நான் கோச்சா வந்திருக்கேன்" என்றாள்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கோச்சுட்டா வந்திருக்கற?" என்று சென்னியப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "யாருகூட அம்மிணி? மாமியாரு கூடவா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க."

"அப்ப அப்பங்காரன்கூடத்தான்" என்றாள் பாவாத்தாள். "வயசுப்புள்ள இப்படிக் கோச்சுக்கிட்டு ஊரு விட்டு ஊரு வரலாமா? காப்பித்தண்ணி ஏதாச்சும் குடிச்சியா கண்ணு?"

"நான் யாருகூடயும் கோச்சுக்கலீங்க. கோச்சுங்க. அரசாங்கம் அனுப்பிச்சுது."

நாச்சிமுத்து வாயைப் பிளந்தார். "அரசாங்கத்துகிட்டயே கோச்சுக்கிச்சாமா! நெஞ்சழுத்தக்காரப் புள்ள."

சாயங்காலத்துக்குள் கோழிப்பண்ணைக்கு ஆள் போய் அப்பாவை மொபெட்டில் தூக்கி வந்துவிட்டது. அப்பா கையை மகள் கையோடு சேர்த்து வைத்து, "இனி பழசையெல்லாம் பேசக் கூடாது" என்று சென்னியப்பன் சமாதானம் செய்து இரண்டு பேருக்கும் லட்டு கொடுத்தார். அப்பா அது வேலை கிடைத்ததற்கான லட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றார்.

மறுநாள் கோகிலவாணி வேலையைத் தொடங்கினாள். "ஊர்ல மைதானம் இல்லீங்க. முதல்ல மைதானம் வேணும்" என்று சொல்லிவிட்டு, தங்க ஓர் அறை பார்க்கப் போனாள். பிறகு நடந்த விவாதத்தைப் பாவாத்தாளே பெருமையாகச் சொன்னதால்தான் அவளுக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிகிறது.

"அன்னதானம் தெரியும், கோதானம் தெரியும். மை தானம் இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றார் சென்னியப்பன்.

"மை எதுக்குங்க விளையாட்டுக்கு?" என்றாள் பாவாத்தாள்.

"மேலிடத்துல சொல்றாங்கன்னா காரணம் இல்லாமயா இருக்கும்? நமக்குத் தெரியாட்டி அது நல்ல காரணம்னு அர்த்தம்."

"எந்த மைன்னு சொல்லலியே. கேட்டுட்டு வரட்டுமா?" என்று நாச்சிமுத்து எழுந்தார்.

"கேக்காதீங்க, கேக்காதீங்க" என்று பாவாத்தாள் தடுத்தாள். "அது கோச்சுக்கற புள்ள. எல்லா மையும் குடுத்துருவோம்."

அடுத்த நாள் காலையில் கோகிலவாணியின் மேசையில் வைக்க இடமில்லை. பேனா மை, ரப்பர் ஸ்டாம்பு மை, குழந்தைகளுக்கு இடும் கண் மை, தலைக்குப் பூசும் கறுப்பு மை. ஒரு பெரியவர் வெற்றிலையில் மடித்து வசிய மை கொண்டுவந்திருந்தார். "தொறக்கறப்ப மட்டும் எதிர்ல யாரும் இல்லாமப் பாத்துக்க அம்மிணி, பொறகு வம்பாயிரும்" என்று எச்சரித்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார்.

"மைதானம்னா விளையாடற இடமுங்க!" என்றாள் கோகிலவாணி, கிட்டத்தட்ட அழுதுகொண்டு.

"அதைத் தமிழ்ல சொல்லியிருந்தா இத்தனை சிரமம் இல்லியே" என்றார் சென்னியப்பன். சந்தைக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த புறம்போக்கை அன்றைக்கே காட்டிவிட்டார்.

தமிழில் சொல்ல வேண்டும் என்பதை அவள் மனதில் வைத்துக்கொண்டாள். படித்தவள் அல்லவா, எதையும் மனதில் வைத்துக்கொள்வாள். முள்ளை வெட்டி முடித்ததும், "இடத்தைச் சுத்தி ஓடுதளம் போடணுமுங்க" என்று நல்ல தமிழில் சொல்லிவிட்டு ஒரு வாரப் பயிற்சி முகாமுக்குப் போனாள். திரும்பி வந்தபோது தளம் தயாராக இருந்தது. இடத்தைச் சுற்றி முட்டை வடிவத்தில், அழகாக, வரிசை பிசகாமல் கூரை ஓடு பதித்திருந்தார்கள்.

"நாட்டு ஓடா, சீமை ஓடான்னு ரெண்டு நாள் பேசுனோம்" என்றார் சென்னியப்பன். "கடைசில சீமை ஓடே போட்டுட்டோம். கெவர்மெண்டுக் காரியமில்ல."

"ஐயோ, அது ஓடறதுக்கான தளமுங்க."

"ஓடறதுக்கா? யாரு ஓடறதுக்கு?"

"சனங்க ஓடறதுக்கு."

நாச்சிமுத்து பயந்துபோனார். "சனங்க எதுக்கு அம்மிணி ஓடணும்? போலீசு வருதா?"

இத்தனை ஓடு எங்கிருந்து வந்தது என்று கேட்க அவள் வாய் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் அலுவலகத்துக்குள் ஓடினார்கள். அங்கேயும் அதே மழை பெய்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். கூரையில் சட்டம் மட்டும்தான் இருந்தது.

"மேம்பாடுன்னா நாலு சிரமம் இருக்கத்தான் செய்யும்" என்று சென்னியப்பன் குடையை விரித்தார். பாவாத்தாள் ஒரு சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கூட்டம் தடையில்லாமல் நடந்தது.

அடுத்து கோகிலவாணி தன் சம்பளத்திலேயே ஒரு பந்து வாங்கி வந்தாள். 'பொதுமக்களுக்குக் கால்பந்து வழங்கலாம்' என்று தீர்மானம் போட்டுவிட்டு, மூவரும் பந்தைச் சுற்றி உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார்கள்.

"இது முழுப் பந்தா இருக்குதே" என்றாள் பாவாத்தாள்.

"தீர்மானத்துல கால் பந்துன்னுதான் இருக்குது" என்றார் நாச்சிமுத்து. "முழுசாக் குடுத்தா ஆடிட்ல மாட்டிக்குவோம்."

"அப்ப மீதி முக்காலை என்ன பண்றது?"

"நம்மூர்ல எத்தனை வீதி?"

"நாலு."

சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, மேலிடத்துல எவ்வளவு யோசிச்சு வெச்சிருக்கறாங்க!"

இளநீர்க் கடையிலிருந்து அரிவாள் வந்தது. கோகிலவாணி சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வருவதற்குள் பந்து ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு அடங்கிவிட்டது. கீழ்வீதிக்காரர்கள் தங்கள் பங்குக் காலைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனி வைக்க எடுத்துக்கொண்டார்கள். மேல்வீதிக்காரர்கள் தங்களுடையதைக் கைக்குழந்தைக்குத் தொப்பியாகப் போட்டுப் பார்த்தார்கள், கச்சிதமாக இருந்தது. "நாலு வீதியும் சேர்ந்து வந்தாத்தான் விளையாட முடியும். ஊர் ஒத்துமைக்கு இதைவிட என்ன வேணும்?" என்று சென்னியப்பன் அவளுக்கு ஆறுதல் சொன்னார். ஒரு வீதிக்குக் கால், இன்னொரு வீதிக்கு அரைக்கால்தான் வந்தது என்று ஊரில் ஒரு சண்டைதான் மூண்டது.

பொழுதுபோக்கு மட்டும் பிரமாதமாக நடந்தது. பொழுது போகிறதா என்று பார்க்க நாச்சிமுத்துவை நியமித்தார்கள். அவர் தினமும் சாயங்காலம் மைதானத்தில் மேற்குப் பார்த்து நாற்காலி போட்டு உட்காருவார். சூரியன் இறங்கி மறைந்ததும் வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து, "இன்னிக்கும் போயிருச்சுங்க" என்று அலுவலகத்தில் வந்து சொல்வார். செலவில்லை, புகார் இல்லை, இலக்கு தவறியதே இல்லை. கொள்கையில் முழு வெற்றி கண்ட பகுதி அதுதான்.

ஒருநாள் மட்டும் மேகம் மூடிக்கொண்டது. பொழுது போனதைத் தான் பார்க்கவில்லை என்று நாச்சிமுத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? மறுநாள் காலையில், "நேத்துப் போகாம இருந்தா இன்னிக்கு எப்படி வந்திருக்கும்?" என்று பாவாத்தாள் மடக்கிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

இவர்கள் ஒன்றும் செய்யாமலே ஊரில் ஒரு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஓடுகளை ஓரமாக அடுக்கிவிட்டு, பிள்ளைகளும் மில்லிலிருந்து திரும்பும் ஆட்களும் சாயங்காலத்தில் கபடி ஆட ஆரம்பித்திருந்தார்கள். கத்தலும் சிரிப்புமாக மைதானம் அமளிப்படும். கோகிலவாணிக்கு மெல்ல மெல்ல நம்பிக்கை வந்தது. ஆய்வு அலுவலர் வந்து இதைப் பார்த்தால் போதும், வேலை நிச்சயம்.

அந்த நம்பிக்கையில்தான் அவள் ஒரு கூட்டத்தில் வாயை விட்டாள். பந்து போன ஆத்திரமும் கொஞ்சம் பாக்கி இருந்தது. "உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். இனிமேலாவது விளையாட்டை விளையாட்டா எடுத்துக்காதீங்க!"

மூவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "சரிங்க" என்றார் சென்னியப்பன். அவர் கண் கலங்கியிருந்தது.  சொல்லிவிட்ட சொல்லை என்ன செய்வது?

அன்று சாயங்காலம் முதல் மைதானத்தில் சிரிப்புக்குத் தடை. கபடி பாடிப் போகிறவன் துக்க வீட்டுக்குள் நுழைவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு கோட்டைத் தாண்ட வேண்டும். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கபடியில் தொடப்பட்ட ஆளை 'செத்துட்டான்' என்று சொல்வது வழக்கம் அல்லவா?

"பழனாத்தா மகன் செத்துட்டான்!" என்று எவனோ கத்தினான்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாதே. செத்தவனைக் கோட்டுக்கு வெளியே வடக்கு தெற்காகக் கிடத்தினார்கள். பாவாத்தாள் தலைமாட்டில் உட்கார்ந்து, "கோட்டத் தொட்டு வரப்போன என் ராசா, கோட்டுக்கு அப்பாலயே போயிட்டியே" என்று ஒப்பாரி எடுத்தாள். பழனாத்தாள் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவன் கட்சிக்காரன் எதிர்ப்பக்கத்தில் ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தான். கபடி விதிப்படி செத்தவன் பிழைத்தான், துள்ளி எழுந்தான். ஒப்பாரிக்கு வந்த கூட்டம் அலறிக்கொண்டு நாலா பக்கமும் சிதறியது. பெற்ற தாய் பழனாத்தாளே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, "பேயே, வீட்டுக்குள்ள வராத!" என்று வாசலை மறித்தாள். அவன் இரண்டு நாள் சந்தைக் கொட்டகையில் படுத்தான்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் பிள்ளைகளை மைதானத்துக்கு விடவில்லை. சாக வேண்டும் என்று யார்தான் அனுப்புவார்கள்? பொழுதைப் பார்க்கும் நாச்சிமுத்துவையும் அவர் நாற்காலியையும் தவிர மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்போதுதான் ஆய்வு அலுவலர் நாளைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. மாமாவும் போன் செய்தார். "திருப்பூருக்குத் துணிமணி எடுத்துட்டு வர பை தைக்கச் சொல்லட்டுமா கண்ணு?" என்றார்.

கோகிலவாணி தன் அறையில் உட்கார்ந்து, ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மை இல்லை, ஓடு இல்லை, கால் அரை எதுவும் இல்லை. வேறு அர்த்தத்துக்கு இடமே இல்லை என்று உறுதியான பிறகுதான் அலுவலகத்துக்குப் போனாள்.

"நாளைக்கு அதிகாரி வர்றாருங்க. அவருக்கு நம்ம ஊரு விளையாட்டுக் காட்டணும். அதுல என் பொழப்பே இருக்குதுங்க. ஊரே சேர்ந்து காட்டணும்."

"சரிங்க" என்றார்கள். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"அதிகாரிகிட்டயே விளையாட்டுக் காட்டறதா?" என்றார் நாச்சிமுத்து. "உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

"அந்தப் புள்ளை பொழப்பே அதுல இருக்குதுன்னு சொல்லுது. கண்ணுல தண்ணி நின்னுச்சு, பாத்தீங்களா?" என்றாள் பாவாத்தாள்.

சென்னியப்பன் நெடுநேரம் மோட்டுவளையைப் பார்த்தார். அது இல்லாததால் வானத்தைப் பார்த்தார். "காட்டிருவோம். வர்றப்ப ஊர்ல ஒரு ஆளு கண்ணுல படக் கூடாது. எல்லாரும் ஒளிஞ்சுக்கங்க."

ஆய்வு அலுவலரின் பெயர் சோமாஸ்கந்தன். முழுக்கைச் சட்டை, தடித்த கண்ணாடி, கழுத்துவரை பொத்தான். வாழ்க்கை முழுக்க ஆய்வு செய்தவர், ஆனால் எந்த ஆய்விலும் எதையும் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடிக்காமல் இருப்பதற்காகத்தான் அவரை அனுப்புவதே. விதி என்று சொல்லிவிட்டால் கிணற்றில்கூட இறங்குவார், ஏறி வர விதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்வார்.

கோகிலவாணி அவரை ஜீப்பிலிருந்து இறக்கி அழைத்து வந்தாள். வீதியில் ஆள் இல்லை. டீக்கடையில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, கடைக்காரர் இல்லை. அலுவலகத்தில் கூரையும் இல்லை, மனிதர்களும் இல்லை. 

"இங்கே யாரும் இல்லையா?" என்று சோமாஸ்கந்தன் உரக்கக் கேட்டார்.

"இல்லீங்க" என்றது இரும்பு பீரோ.

சோமாஸ்கந்தன் பீரோவைத் திறந்தார். உள்ளே கைகால்களை மடக்கிக்கொண்டு பேரூராட்சித் தலைவர் உட்கார்ந்திருந்தார்.

"கண்டுபுடிச்சுட்டீங்க" என்றார் சென்னியப்பன், முகம் வாடிப்போய்.

 சோமாஸ்கந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "நான்... கண்டுபிடித்துவிட்டேனா?"

"ஆமாங்க. ஆனா இன்னும் நெறையப் பேரு இருக்கறாங்க."

அவ்வளவுதான். அந்த மனிதரின் கழுத்துப் பொத்தான் கழன்றது. மாட்டுத் தொழுவத்தில் வைக்கோலுக்கு அடியில் பாவாத்தாளைக் கண்டுபிடித்தார். கோவில் தேரின் சக்கரத்துக்குப் பின்னால் நாச்சிமுத்துவைக் கண்டுபிடித்தார். தண்ணீர்த் தொட்டிக்குள், சந்தைக் கூடைகளுக்குள், ரேஷன் கடை மூட்டைகளுக்கு நடுவில் என்று கும்பல் கும்பலாகப் பிடித்து இழுத்தார். பிடிபட்டவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார்கள். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த பிள்ளைகள் வீடுகளை உடைத்துக்கொண்டு வந்தார்கள். கோகிலவாணிக்கு நம்பவே முடியவில்லை. ஊர் விளையாடுகிறது. அதிகாரி பார்க்கிறார். மத்தியானத்துக்குள் அறிக்கை எழுதிவிடுவார்.

"சார், அறிக்கை..." என்று தொடங்கினாள்.

"இருங்க அம்மிணி" என்றார் சென்னியப்பன். "ஐயா எங்களைப் புடிச்சுட்டாருங்க. இப்ப நாங்க கண்ணப் பொத்திக்கணும், ஐயா ஒளியணும். அதுதான் முறை."

"முறையா?" என்றார் சோமாஸ்கந்தன். "முறை என்றால் சரி." கோகிலவாணி தடுப்பதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டு ஓடியே போய்விட்டார்.

ஊரே கண்ணைப் பொத்திக்கொண்டு நூறுவரை எண்ணியது. நடுவில் ஐம்பத்தேழை விட்டுவிட்டதாக நாச்சிமுத்துவுக்கு அடிக்கடி சந்தேகம் வந்தது, ஒவ்வொரு தடவையும் திரும்ப முதலிலிருந்து. எண்ணி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பிறகு தேடினார்கள், கிடைக்கவில்லை. அரசாங்க அலுவலர் உண்மையாகவே ஒளிந்துகொண்டால் யாரால் கண்டுபிடிக்க முடியும்?

கோகிலவாணி விசில் ஊதினாள். "சார், வெளிய வந்துடுங்க சார், அறிக்கை இன்னிக்கே போகணும் சார்!" என்று வீதி வீதியாகக் கத்தினாள். அவர் வரவில்லை. கூப்பிட்டால் வருவது ஆட்டமாகாதே. கடைசியில் மேலிடத்துக்கே போன் போட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அந்தப் பக்கம் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"அலுவலரைக் காணவில்லை என்றால் தேடுதல் குழு அமைக்க வேண்டும்" என்றது குரல். "விதிப்படி அந்த ஊருக்கான ஆய்வு அலுவலர்தான் குழுவுக்குத் தலைவர்." போன் வைக்கப்பட்டது.

அவள் இதைச் சொன்னதும் ஊர்க்காரர்களுக்கு உயிர் வந்தது. சென்னியப்பன் ஆட்டோவில் மைக்கைக் கட்டினார். "ஆய்வு அலுவலர் ஐயா அவர்கள் எங்கிருந்தாலும் உடனே வந்து, காணாமப்போன ஆய்வு அலுவலரைத் தேடும் குழுவுக்குத் தலைமை தாங்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்!"

ஆட்டோ முதல் வீதியைத் தாண்டவில்லை. மாவு மில்லுக்குள்ளிருந்து தலை முதல் கால்வரை வெள்ளையாக சோமாஸ்கந்தன் வெளியே வந்தார். "விதி அப்படியென்றால் தலைமை தாங்கித்தானே ஆக வேண்டும்?"

"சார்! கிடைச்சுட்டீங்க!" என்று கோகிலவாணி பாய்ந்து போனாள். "இவர்தாங்க, இவரேதாங்க!"

"அம்மிணி, அவசரப்படாதீங்க" என்று பாவாத்தாள் அவளைப் பிடித்து இழுத்தாள். "இவரு குழுத் தலைவரு. காணாமப்போனவரு எப்படி வந்து தலைமை தாங்குவாரு?"

"அந்த அம்மா சொல்வது நியாயம்" என்றார் சோமாஸ்கந்தன். "காணாமல் போனவரைக் கடைசியாகப் பார்த்தது யார்?"

"நாங்கதானுங்க" என்றார் நாச்சிமுத்து. "முழுக்கைச் சட்டை, தடிமனாக் கண்ணாடி. நல்ல மனுசன். உங்களாட்டம் இருப்பாரு, ஆனா இவ்வளவு வெள்ளை இல்லை."

சோமாஸ்கந்தன் கவலையோடு தலையை ஆட்டினார்.

"சார், நீங்கதான் சார் அது!" கோகிலவாணி பேனாவை நீட்டினாள். "அறிக்கைல ஒரு கையெழுத்துப் போடுங்க சார், போதும்."

"அதெப்படியம்மா? அறிக்கையில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டால் போலி ஆகிவிடும்."

"அப்ப என் வேலை?"

"ஆய்வு இன்னும் முடியவில்லையே. அவர் கிடைத்து ஆய்வு முடியும்வரை உங்களை யாரும் வேலையிலிருந்து எடுக்க முடியாது. எத்தனை வருஷமானாலும் சரி. அதுவும் விதிதான்."

 உண்மையைச் சொல்லியாகிவிட்டது, அதுவும் மூன்று தரம், ஊர் அறிய. இதற்கு மேல் நேர்மையாக இருக்கக் கோகிலவாணிக்குத் தெரியவில்லை. விசிலை எடுத்து ஊதினாள். தேடுதல் தொடங்கியது.

சோமாஸ்கந்தன் முன்னால் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "சோமாஸ்கந்தன்!" என்று கூப்பிட்டார். கூப்பிட்ட மறு நொடியே, எத்தனையோ வருஷம் மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய், "எஸ் சார்!" என்றது.



"சத்தம் கேட்டுச்சு!" என்று சென்னியப்பன் அலறினார். "பக்கத்துலதான் இருக்கறாரு! ஓடுங்க!"

ஊர் ஓடியது. பாவாத்தாள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள், நாச்சிமுத்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார், பழனாத்தாளும் செத்துப் பிழைத்த மகனும் கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் மாவு பறக்க ஓடிக்கொண்டிருந்த சோமாஸ்கந்தன், திரும்பிப் பார்த்து உற்சாகமாகக் கத்தினார்:

"வேகமா வாங்க, விட்டுடாதீங்க! ரொம்பக் கிட்டத்துல வந்துட்டோம். அவருக்கு மூச்சு வாங்கறது எனக்கே கேக்குது!"